பொருள்: மையம் சரிசெய்தல்

அன்று காலை பதினொரு மணிக்கு லாஸ்பேட்டை தேர்வு அலுவலகத்தின் அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடி போட்ட பெரிய மேசைக்குப் பின்னால் கண்காணிப்பாளர் சக்கரபாணி. அவருக்கு இடப்பக்கம், மடியில் ஒரு கோப்புடன் எழுத்தர் தீபலட்சுமி. கதவோரத்துக் கம்ப்யூட்டர் முன்னால், சுழல் நாற்காலியை அரைவட்டம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் பிரிவு இளஞ்செழியன். மேசைக்கு நேர் எதிரே தன் சக்கர நாற்காலியிலேயே கலைமகள். அவளுக்கு வலப்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், அவள் புருஷன் ராஜாங்கம். ஆறாவதாக ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் பச்சைத் துண்டு சுற்றி ஜாய்ஸ்டிக்கை உட்காரவைத்திருந்தான் ராஜாங்கம்.

"இன்னாப்பா அது, கைப்புள்ள மாதிரி துண்டு சுத்தி ஒக்கார வச்சிருக்க?" என்றார் சக்கரபாணி.

"கருவி சார். கடிதத்துல எழுதியிருந்தேனே."

"சரி சரி. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல மோர் குடிங்க."

மோர் வந்தது. தெருக்காரர்களுக்காக எத்தனையோ அலுவலகப் படி ஏறியவன் ராஜாங்கம். மனு கொடுக்க வந்தவனுக்கு மோர் கொடுத்த அலுவலகத்தை அவன் பார்த்ததில்லை. கலைமகள் வாயருகே டம்ளரைப் பிடித்தபோது, காரியம் ஆயிடுச்சு போல இருக்கே என்று அவள் கண்ணாலேயே கேட்டாள். அவனுக்கும் அப்படித்தான் பட்டது.

காரியம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இளநிலை எழுத்தர் தேர்வு. முழுக்கக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டியது. கலைமகள் அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு முடித்தவள், ஜெராக்ஸ் கடையில் பத்து வருஷம் டைப் அடித்தவள். தசை தளர்ந்துகொண்டே போகும் நோய் அவளுக்கு விரலில் ஆரம்பித்தது. இப்போது விரல் எதுவும் மடங்காது. முழங்கையும் தோளும் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கும். மவுஸைப் பிடித்தால் கை அதன்மேல் செத்த மீன் மாதிரி கிடக்கும். வயது வரம்பில் இருக்கிற சலுகை அத்தனையையும் சேர்த்துப் பார்த்தாலும் அவளுக்கு இதுதான் கடைசித் தேர்வு. அடுத்த தேர்வு வருவதற்குள் வரம்பு தாண்டிவிடும்.

ராஜாங்கம் பஜாரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த வீடியோ கேம் கூடத்தில் மெக்கானிக்காக இருந்தவன். கொரோனாவில் மூடிய கூடம் மறுபடி திறக்கவில்லை. மிஷின்களை எடை போட்டுத் தூக்கிப்போன அன்று, விமானம் ஓட்டும் மிஷினில் இருந்த பெரிய ஜாய்ஸ்டிக்கை மட்டும் கேட்டு வாங்கி வந்தான். கைமுட்டி அளவு குமிழ் உள்ள தடித்த கோல் அது. விரலால் பிடிக்க வேண்டியதில்லை. முன்கையைச் சார்த்தித் தள்ளினாலே போதும்.

அதைக் கம்ப்யூட்டருக்குப் பழக்க எட்டு மாதம் ஆயிற்று. கோலுக்கு அடியில் இரண்டு வால்யூம் கன்ட்ரோல் இருக்கும், ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற அதே சாமான். ஒன்று இடம் வலம் சொல்லும், மற்றது மேல் கீழ் சொல்லும். பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து, அவை இரண்டையும் கழற்றி வேறு அளவில் மாற்றினான். மாற்றி முடித்த பிறகுதான், அந்தக் குறிப்பு சொல்கிற, ஒயர் சொருகும் வாயே இப்போதைய கம்ப்யூட்டர்களில் கிடையாது என்று தெரிந்தது. பழையதையே திரும்பப் போட்டு, நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன போர்டைச் சேர்த்தான். போர்டு கோலைப் பார்த்துக் கம்ப்யூட்டரிடம், 'நான் ஒரு மவுஸ்' என்று பொய் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பிவிடும். அடித்து ஆடுகிற பிள்ளைகளுக்காகப் போட்ட ஸ்பிரிங் அவள் கைக்குக் கனமாக இருந்ததால் அதை எடுத்துவிட்டுப் பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங் போட்டான். நாலு மாதம் கழித்து அதுவும் கனம் என்றாள். அதைவிட மெல்லியதைப் போட்டான். அதைப் பற்றி இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு வம்பு. மின்சாரம் கிடைக்கிற அந்த நொடியில் கோல் எங்கே நிற்கிறதோ, அதையே போர்டு நடு என்று எடுத்துக்கொள்ளும். அப்போது யாருடைய கையாவது மேலே பட்டிருந்தால் கதை முடிந்தது. அம்புக்குறி திரையின் ஏதாவது ஒரு மூலைக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் சொருகும்போது கையை எடுத்துவிட்டு, நடுவைச் சரிபார்த்து, கொஞ்சம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு வீட்டில் அவர்கள் வைத்திருந்த பேர், சென்டர் பிடிப்பது. பத்து நிமிஷ வேலை.

கடிதத்தில் மட்டும் ராஜாங்கம் அப்படி எழுதவில்லை.

அவன் பாகூரில் பத்தாவது வரை படித்தவன். அரசாங்கத்துக்கு எழுதும்போது ஒரு பிறமொழிச் சொல் கலந்தாலும் முழு மனுவும் தீட்டு என்று தமிழய்யா சொல்லிக்கொடுத்திருந்தார். 'பஸ்' என்று எழுதினால் இரண்டு மதிப்பெண் போகும். ராஜாங்கம் அதை விடாமல் பிடித்துக்கொண்டவன். உப்பளத்தில் அவர்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதுகிறவன் அவன்தான். வரிசை எண் போட்டு, ஓரம் விட்டு எழுதுவான். படி எடுத்துக் கோப்பில் குத்தி வைப்பான். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதினான். இரண்டாம் தேதியே கொண்டுவந்து கொடுத்தான். முத்திரை வாங்கினான்.

சக்கரபாணி மோர் டம்ளரை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க மனுவ நான் ரெண்டு தடவ படிச்சேன். இப்பல்லாம் யாருப்பா இப்பிடித் தமிழ் எழுதுறாங்க? அதுக்காகவே செய்யணும்னு தோணுச்சு. தீபா, படிம்மா."

தீபலட்சுமி கோப்பைத் திறந்தாள். "கோரிக்கை ஒன்று. மனுதாரரின் மனைவி கோல் கொண்டுவர அனுமதி. அனுமதிக்கப்பட்டது. கோரிக்கை இரண்டு. மையம். காலாப்பட்டிலிருந்து மாற்றி உப்பளத்திலேயே ஒதுக்கப்பட்டது. கோரிக்கை மூன்று. உதவி எழுத்தர் தேவையில்லை. அவ்வாறே குறிக்கப்பட்டது."

"கீழ்த்தளம்," என்றார் சக்கரபாணி. "சாய்தளம் இருக்கு. உங்க வீட்லேந்து நடந்தே தள்ளிக்கிட்டுப் போயிடலாம். இதுக்கு மூணு எடத்துல கையெழுத்து வாங்க வேண்டியதாப் போச்சு. நேர்ல கூப்ட்டு சொல்லணும்னுதான் வரச் சொன்னேன்."

ராஜாங்கத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. உப்பளத்தில் மாற்றியது நல்லதுதானே என்று மனசு ஒரு கணம் சந்தோஷப்பட்டது. அப்புறம்தான் உறைத்தது.

"சார், நான் மையத்த மாத்தச் சொல்லலீங்களே."

"'மையம் விலகியிருந்தால் அவரால் தேர்வு எழுத இயலாது.' உங்க வரிதானே?"

"ஆமாங்க. அது இந்தக் கோலோட மையம் சார். நடு. சென்டர்."

"தேர்வு சென்டர்தானே?"

"இல்ல சார். இந்த சென்டர்." துண்டை அவிழ்த்துக் காட்டினான்.

அறையில் இருந்த எல்லோரும் அந்தக் கோலைப் பார்த்தார்கள். தீபலட்சுமிதான் மெதுவாகச் சொன்னாள். "இயக்குகோல்னு போட்டிருந்தீங்களா... நான் ஊன்றுகோலத்தான் அப்பிடி எழுதிட்டீங்கன்னு நெனச்சிக்கிட்டேன்."

"சுட்டியைப் பிடிக்க இயலாதுன்னு மேலேயே எழுதியிருக்கேங்களே. சுட்டின்னா மவுஸுங்க."

"அதான்... வீட்ல ஒரு சுட்டிப் புள்ள இருக்கு, அதப் புடிச்சி வச்சிக்கிட்டு காலாப்பட்டு வரைக்கும் போக முடியாதுன்னு..."

"எங்களுக்குப் புள்ள இல்லீங்க," என்றாள் கலைமகள்.

தீபலட்சுமி கோப்பை மூடினாள்.

இளஞ்செழியன் நாற்காலியை முழுதாகத் திருப்பினான். "சார், வந்தது வந்துட்டாங்க. மாட்டித்தான் பாப்பமே."

ராஜாங்கம் எழுந்தான். கொண்டுவந்திருந்த பலகையைச் சக்கர நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே வைத்து இறுக்கினான். அதன்மேல் ஜாய்ஸ்டிக்கை வைத்துத் திருகினான். கலைமகளின் கையைத் தூக்கி அவள் மடியில் போட்டான். நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளி, ஒயரைச் சொருகக் குனிந்தான். குனிந்தவனுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியவில்லை. சக்கரபாணி மேசையைச் சுற்றி வந்து, "ஏம்ப்பா, பரீட்சைல பிளேன் ஓட்டப் போறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே குமிழைப் பிடித்து லேசாகச் சாய்த்தார். அந்த நொடியில் ஒயர் உள்ளே போயிற்று.

அம்புக்குறி திரையின் இடது மேல்மூலைக்கு ஓடியது. அங்கேயே ஒட்டிக்கொண்டு நடுங்கியது. கலைமகள் கையை வைத்து வலப்பக்கம் தள்ளினாள். அரை அங்குலம் வந்து, கையை விட்டதும் திரும்ப மூலைக்கே போனது.

"சென்டர் தப்பாப் புடிச்சிக்கிச்சு," என்றான் ராஜாங்கம். "ஒரு பத்து நிமிஷம் குடுங்க சார். சென்டர மட்டும் மாத்திடறேன்."

"அதத்தான் மாத்தியாச்சுன்னு சொல்றேனே!"

தீபலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த கணம் கலைமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள்.

ஒயரைப் பிடுங்கி, எல்லோரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லி, மறுபடி சொருகினான். இந்தத் தடவை சரியாக நின்றது. இளஞ்செழியன் மாதிரித் தேர்வு ஒன்றைத் திறந்து கொடுத்தான். கலைமகள் முன்கையைச் சார்த்தி, தோளால் தள்ளி, ஒவ்வொரு கேள்வியாகப் போனாள். குமிழைத் தாடையால் அமுக்கினால் அது சொடுக்கு. பத்துக் கேள்வி, ஆறரை நிமிஷம், பத்தும் சரி.

"அபாரம்," என்றான் இளஞ்செழியன். சொன்ன விதத்திலேயே, இது ஆகாது என்பதும் இருந்தது. "ஆனா அண்ணே, உள்ள போர்டு இருக்கு. போர்டுல புரோகிராம் இருக்கு. வெளிலேந்து வர்ற கருவி எதுவா இருந்தாலும் பத்தாந்தேதிக்குள்ள நான் பிரிச்சுப் பாத்து சீல் வச்சிருக்கணும். இன்னிக்குத் தேதி பதினெட்டு."

"நான் ரெண்டாந்தேதியே குடுத்துட்டேனே சார்."

"குடுத்தீங்க. இந்தக் கடிதத்துல ஜாய்ஸ்டிக்குன்னு ஒரே ஒரு வார்த்த இருந்திருந்தா, அன்னிக்கே அது என் மேசைக்கு வந்திருக்கும்."

ராஜாங்கம் கலைமகளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் தன்னைப் பார்ப்பது தெரிந்தது.

"அவ சொல்லச் சொல்ல அமுக்குறதுக்கு ஒரு உதவி எழுத்தராச்சும் குடுங்க சார்."

"பட்டியல் போயிடுச்சு," என்றார் சக்கரபாணி. குரல் இறங்கியிருந்தது. "நீங்களே வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. எழுத்துல இருக்கு." அவர் மறுபடி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எங்கெங்கோ போன் போட்டார். இரண்டு பேரிடம் கெஞ்சவே செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், கிளம்புகிற நேரம் சங்கடத்தோடு சொன்னார். "தேர்வு முடிஞ்சதும் ஒரு ஒப்புதல் கடிதம் அனுப்பிடுங்க. கோரிக்கை நிறைவேறிச்சுன்னு ரெண்டு வரி போதும். கோப்ப முடிக்கணும்."

வீட்டுக்கு வந்து, பலகையைக் கழற்றி, அவளைக் கட்டிலில் சாய்த்துவைத்த பிறகுதான் கலைமகள் வாயைத் திறந்தாள்.

"ஜெராக்ஸ் கடைல பத்து வருஷம் மனு அடிச்சவ நான். ஜாய்ஸ்டிக்குன்னு போடுங்கன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"மவுஸுன்னு போடுங்கன்னு சொன்னேன்."

"சொன்ன. சர்க்காருக்கு எழுதுறது கௌரவமா இருக்கணும்னு..."

"யாருக்கு கௌரவம்? ஒனக்கா எனக்கா?" கோபம் வந்தால்தான் அவள் அவனை நீ என்பாள். "ஸ்க்ரைப் வேணாம்னு யாரு சொன்னது?"

"நீதான் சொன்ன. வேலைல சேந்தா தெனம் ஸ்க்ரைபயும் கூட்டிக்கிட்டா போவேன்னு கேட்ட."

அவள் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றாள். அதற்கும் அவன்தான் தோளைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டியிருந்தது. திருப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவளை உப்பளம் மையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். ஏழு நிமிஷ நடை. சாய்தளம் இருந்தது. கீழ்த்தளம்தான். அவள் இடத்துக்கு நேர்மேலே மின்விசிறிகூட இருந்தது. சொன்னபடி எல்லாம் செய்திருந்தார்கள். வாசலில் பட்டியலைப் பார்த்த அதிகாரி, "ஊன்றுகோல் கொண்டாரலையாம்மா? உங்களுக்கு அனுமதி போட்டிருக்கே," என்று அக்கறையாகக் கேட்டார். கலைமகள், "வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன் சார்," என்றாள்.

ராஜாங்கம் வெளியே வேப்பமர நிழலில் இரண்டு மணி நேரம் நின்றான். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. இப்போது அவள் மணிக்கட்டின் ஓரத்தால் மவுஸை நகர்த்துவாள். இப்போது அது கேள்வியைத் தாண்டிப் போயிருக்கும். இப்போது திரும்ப இழுப்பாள் என்று நினைத்துக்கொண்டே நின்றான்.

வெளியே வந்ததும் அவள் வலக்கையின் புறம் மேசையில் உரசி உரசிச் சிவந்திருந்தது.

"எத்தினி?"

"பதினேழு."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

"மத்ததெல்லாம் கஷ்டமா இருந்துச்சா?"

"மத்தத நான் பாக்கவே இல்லீங்க. பாத்த பதினேழும் தெரிஞ்ச கேள்வி." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள். "பதினெட்டாவது பிரெஞ்சுக்காரங்க காலத்துப் பாண்டி பத்தி. படிச்சிட்டேன், அமுக்க முடியல. மணி அடிச்சிட்டாங்க."

மறுநாள் ராஜாங்கம் வெள்ளைத்தாளை எடுத்து, ஓரம் மடித்து, அனுப்புநர், பெறுநர் எழுதினான். 'பொருள்' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தான். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"வைங்க," என்றாள் கலைமகள். "நான் எழுதுறேன்."

பலகையை மாட்டினான். அவள் கையைத் தூக்கி மடியில் வைத்தான். ஒயரைச் சொருகினான். அவள் திரையில் எழுத்துப்பலகையைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினாள். கோல் தேய்ந்துவிட்டது, இடப்பக்கம் போகும்போது அம்புக்குறி வலிப்பு வந்ததுபோல் உதறியது. 'ஜ' இருந்தது இடப்பக்க ஓரத்தில். கழற்றித் துடைத்துத் தரவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். வால்யூம் கன்ட்ரோலைத் துடைத்தால் கொஞ்ச நாள் வரும். அவள் தோளைத் துடைத்துத் தர யாரிடமும் எதுவும் கிடையாது. இந்த மாசமே ஸ்பிரிங்கை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். அதைவிட மெல்லிய ஸ்பிரிங் அவனிடம் இல்லை.

அவள் எழுதி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ராஜாங்கம் படித்துப் பார்த்தான்.

'ஐயா, சென்டரை உப்பளத்துக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். நன்றி. நாங்கள் அதைக் கேட்கவில்லை. நாங்கள் கேட்டது ஜாய்ஸ்டிக். மவுஸுக்குப் பதில் ஜாய்ஸ்டிக். ஜாய்ஸ்டிக் என்றால் என்ன என்று இளஞ்செழியன் சாருக்குத் தெரியும். எனக்கு இனிமேல் வயது இல்லை. அடுத்த தேர்வுக்கு வருகிறவர் யாராவது கேட்டால் தெரிவதற்காக, கொண்டுவரக்கூடிய கருவிகளின் பட்டியலில் ஜாய்ஸ்டிக் என்ற வார்த்தையைச் சேர்க்கவும். கோப்பை முடித்துக்கொள்ளலாம்.'

வரிசை எண் இல்லை. 'பணிவான வணக்கம்' இல்லை. திருத்த வேண்டும் என்று ராஜாங்கத்தின் கை பரபரத்தது. திருத்தவில்லை.

"சேப்பாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"எங்க சேக்கப்போறாங்க."

கையெழுத்து பாக்கி இருந்தது. கைநாட்டு வைக்கலாமா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்று தெரியும். அவளே படம் வரைகிற பக்கத்தைத் திறந்து, ஜாய்ஸ்டிக்காலேயே தன் பெயரை இழுத்தாள். 'கலைமகள்' என்பதில் 'லை' மலையேறி, 'ம' பள்ளத்தில் விழுந்து, 'ள்' திரையின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"கோப்புல இருக்கற கையெழுத்தோட பொருந்தாதே," என்றான். "பொருந்தலன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டுமே. ஒருத்தர் படிச்சாங்கன்னாவது தெரியும்."

பக்கத்துக் கடையில் அச்செடுத்து வந்தான். பழக்கத்தில் இரண்டு படி. ஒன்றைக் கோப்பில் குத்தினான். மற்றதை மூன்றாக மடித்து உறையில் போட்டு, அவள் பார்க்க, பசை தடவி மூடினான். விலாசத்தை எழுதியபோது 'லாஸ்பேட்டை' என்பதில் பேனா ஒரு கணம் தயங்கியது. அது ஊர்ப்பெயர், அதற்குத் தமிழ் எதுவும் தேட வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்து எழுதி முடித்தான்.

தபால் ஆபீஸில் கவுன்டர்காரர் உறையை எடை போட்டார்.

"லாஸ்பேட்டைதானே? பத்து நிமிஷத்துல நேர்லயே குடுத்துடலாமே சார்."

"நேர்ல போனேங்க," என்றான் ராஜாங்கம். "மோர் குடுத்தாங்க."

கவுன்டர்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் ஒட்ட வேண்டியதை ஒட்டி, குத்த வேண்டியதைக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் எறிந்தார்.